மேற்குத் தொடர்ச்சி மலையில் டவர் கிடைக்காத இடங்களுக்கு எந்த மேப் ஆப்? எப்படித் தயார் செய்வது?

#1 — சோலைமந்தி

அனுமதி வாங்கி, வனத்துறை வழிகாட்டியோடு போகும் நடைகளுக்காகவே கேட்கிறேன். தேனி, தென்காசி, கோவைப் பக்கம், அதிகபட்சம் இரண்டு நாள். ஆண்ட்ராய்டு போன், 5,000 எம்ஏஎச் பேட்டரி. குரங்கணி தாண்டினால் கூகுள் மேப்பில் பச்சை நிறம் மட்டும்தான் தெரிகிறது. ஆஃப்லைனாக இறக்கி வைத்தாலும் அதே பச்சைதான்.

எந்த ஆப், அதில் எந்தெந்தக் கோப்புகளை இறக்க வேண்டும், இணையத்தில் கிடைக்கும் ஜிபிஎக்ஸ் கோப்புகளை (நடைவழியைச் சேமித்த கோப்புகள்) எவ்வளவு நம்பலாம், பேட்டரி தாங்குமா, தனி ஜிபிஎஸ் கருவி வாங்கத்தான் வேண்டுமா? இவ்வளவும் தெரிய வேண்டும்.

#2 — குவடு

ஆப் பெயர்களுக்கு முன் ஒன்று. ஆர்கானிக் மேப்ஸ், ஆஸ்மாண்ட், லோகஸ், காயா என்று எதை எடுத்தாலும் நம் ஊர்க் காடுகளைப் பொறுத்தவரை ஊற்று ஒன்றுதான்: யாரும் சேர்ந்து வரையக்கூடிய திறந்த வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். அதில் யாரும் வரையாத பாதை எந்த ஆப்பிலும் வராது. அதில் தவறாக வரைந்தது எல்லா ஆப்பிலும் தவறாகவே வரும். நான்கு ஆப்பில் ஒரே கோடு தெரிகிறது என்றால் நான்கு சாட்சி என்று எண்ணிவிடாதீர்கள். சாட்சி ஒன்றுதான்.

ஆகவே முதல் வேலை வீட்டில், கணினியில். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தளத்தில் நீங்கள் போகும் பகுதியைத் திறந்து, அந்தக் கோட்டின் விவரத்தைப் பாருங்கள். ஒற்றையடிப் பாதை என்று குறித்திருக்கிறார்களா, வண்டித்தடம் என்றா, கடைசியாக எந்த ஆண்டு திருத்தப்பட்டது என்பதெல்லாம் அங்கே தெரியும். நடந்து பதிந்த ஜிபிஎஸ் தடத்திலிருந்து வரைந்ததா, செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து வரைந்ததா என்பதும் பல நேரம் திருத்தக் குறிப்பில் இருக்கும்.

படத்தைப் பார்த்து வரைந்தது என்றால் கவனம். மேலிருந்து பார்க்கையில் பாதை போலவே தெரியும் மூன்று விஷயங்கள் நம் மலைகளில் உண்டு.

தீத்தடுப்புக் கோடு: கோடைக்கு முன் புல்லையும் புதரையும் வெட்டி அகற்றிய பட்டை. பெரும்பாலும் முகட்டின் மேலேயே செங்குத்தாக ஏறும். மனிதர் நடக்கும் பாதை வளைந்து வளைந்து ஏறும் இடத்தில் இது நேராக ஏறும். சமஉயரக் கோடுகளை (ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) ஒரே இடத்தில் நெருக்கமாக, குறுக்காக வெட்டிக்கொண்டு போகும் கோட்டைக் கண்டால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். மழைக்குப் பின் போனால் இடுப்பளவு புல் நிற்கும், கோடு இருந்த அடையாளமே இருக்காது.

மின்கோபுர வரிசை: கம்பிகளுக்கு அடியில் மரம் வெட்டிய பட்டை. கம்பி பள்ளத்தாக்கைத் தாண்டிவிடும், நடப்பவர் தாண்ட முடியாது.

யானைத்தடம்: மூன்றிலும் ஏமாற்றுவது இதுதான். சரிவு மிதமாக இருக்கும், கணவாய்களுக்கும் நீர்நிலைகளுக்கும் அழகாகப் போகும், அகலமாகவும் இருக்கும். பிறகு ஈற்றைப் புதருக்குள் நுழைந்து ஏழெட்டாகக் கிளை பிரியும். அந்த இடத்தில் நிற்பதே ஆபத்து.

இனி ஆப். ஆர்கானிக் மேப்ஸ் இலவசம், விளம்பரம் கிடையாது, மாநிலக் கோப்பை இறக்கினால் வேலை முடிந்தது. சமஉயரக் கோடு அடுக்கும் உண்டு, புதிய பதிப்புகளில் தடப்பதிவும் உண்டு. அமைப்புகள் குறைவு. அவசரத்தில் குழப்பாது என்பதால் அந்தக் குறைவே அதற்குப் பலம். ஆஸ்மாண்ட் கற்றுக்கொள்ள ஒரு வாரமாவது ஆகும், ஆனால் எதையும் மாற்றியமைக்கலாம். பிளே ஸ்டோரின் இலவசப் பதிப்பில் 7 வரைபடக் கோப்புகள்தான் இறக்க முடியும், சமஉயரக் கோட்டுக்குப் பணம் கட்ட வேண்டும். எஃப்-டிராய்டு என்ற திறந்தமூல ஆப் கடையில் கிடைக்கும் பதிப்பில் இந்தக் கட்டுப்பாடுகள் இல்லை. லோகஸ், சொந்தமாகத் தயாரித்த வரைபடத்தைப் போனில் போட நினைப்பவர்களுக்கு. காயா நல்ல ஆப்தான். ஆனால் அதன் பெரும்பலம் அமெரிக்க அரசின் நிலத்தோற்ற வரைபடங்கள், ஆஃப்லைனுக்கோ சந்தா வேண்டும். நம் பக்கம் நடப்பவர் அந்தச் சந்தாவைக் கட்டி வாங்குவது பெரும்பாலும் மற்றவற்றில் சும்மா கிடைக்கும் அதே தரவைத்தான்.

என் தேர்வு: ஆஸ்மாண்ட் முதன்மை. அதே போனில் ஆர்கானிக் மேப்ஸும் இருக்கட்டும். கூட வருபவர் போனில் ஆர்கானிக் மேப்ஸ் கட்டாயம்.

#3 — ஆனைமலை சாலை

கூகுள் மேப் பற்றி ஒரு வரி. ஆஃப்லைனில் அது நடைவழி காட்டாது, வண்டி வழிதான். சாட்டிலைட் படமும் நிலத்தோற்ற அடுக்கும் சேமிப்பில் வராது. பச்சை மட்டும் தெரிவது கோளாறு அல்ல, அது காட்டுக்காகச் செய்த ஆப்பே அல்ல. அடிவாரக் கிராமம் வரை வண்டி ஓட்ட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

#4 — பொதிகைநடை

எந்தக் கோப்புகள் என்ற கேள்விக்கு. நம் மலை நடைகளில் பெரும்பகுதி மாநில எல்லையை ஒட்டியே போகும். ஆப்களோ கோப்பை மாநிலம் மாநிலமாகப் பிரித்து வைத்திருக்கின்றன. தமிழ்நாடு கோப்பு மட்டும் இருந்தால் முகட்டின் மறுபக்கம் வெற்றுத் திரை. குரங்கணி – டாப் ஸ்டேஷன், கொழுக்குமலை, மேகமலை, 1,868 மீட்டர் உயர அகத்தியர்கூடம் எல்லாமே இந்த வகை. அகத்தியர்கூடத்துக்கு ஏற்றமே கேரளப் பக்கம் போனக்காட்டிலிருந்துதான். எனவே தமிழ்நாடு, கேரளா இரண்டும், நீலகிரி என்றால் கர்நாடகாவும் சேர்த்து இறக்குங்கள்.

ஆஸ்மாண்டில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் இறக்க வேண்டியவை தனித்தனி: அடிப்படை வரைபடம், சமஉயரக் கோடுகள், மலைநிழல் (மேடுபள்ளத்தை நிழலால் காட்டும் அடுக்கு). இதோடு உலகக் கோப்புகளின் கீழ் இருக்கும் உயரத் திருத்தக் கோப்பு, அது ஏன் என்று யாராவது சொல்வார்கள். கோப்பு இறங்கினால் மட்டும் போதாது. வரைபடத்தை அமைக்கும் பட்டியலில் சமஉயரக் கோட்டை இயக்க வேண்டும், எந்தப் பெருக்கத்திலிருந்து (ஜூம்) தெரிய வேண்டும் என்பதையும் அங்கேயே தேர்ந்தெடுக்கலாம். 13-ம் நிலை வசதி. அதற்குக் கீழே வைத்தால் பழைய போன் திணறும்.

சமஉயரக் கோடுகளை எப்படி எடுத்துக்கொள்வது என்பதும் முக்கியம். இவற்றின் மூலம் பெரும்பாலும் 2000 பிப்ரவரியில் விண்ணோடத்திலிருந்து ரேடாரால் எடுத்த எஸ்ஆர்டிஎம் அளவீடு. 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. அடர்ந்த காட்டில் ரேடார் தொட்டது பெரும்பாலும் மர உச்சியை, தரையை அல்ல. புல்வெளியும் சோலையும் சேரும் ஓரத்தில் இல்லாத மேடு ஒன்று கோட்டில் தெரிவதற்குக் காரணம் இதுதான். இரண்டு புள்ளிகளுக்கு நடுவே 15 மீட்டர் பாறை விழுந்திருந்தால் அது கோட்டில் வரவே வராது. முகடு எந்தத் திசை, பள்ளம் எந்தத் திசை என்று பார்க்க இது போதும். இறங்க முடியுமா என்று தீர்மானிக்கப் போதாது.

#5 — மலைமுகில்

சிம் இல்லாமல், டவர் இல்லாமல் ஜிபிஎஸ் வேலை செய்யுமா? ஏர்பிளேன் மோடு போட்டால் அணைந்துவிடும் என்கிறார்களே?

#6 — அலைவரிசை

வேலை செய்யும். போன் செயற்கைக்கோளிலிருந்து வரும் சிக்னலை வாங்க மட்டும்தான் செய்கிறது, எதையும் அனுப்புவதில்லை. ஏர்பிளேன் மோடு அனுப்பும் ரேடியோக்களைத்தான் அணைக்கும். இன்றைய ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் ஜிபிஎஸ் அதற்குள் ஓடும்.

ஆனால் டவர் இல்லாதபோது ஒன்று மாறும், பலர் "ஜிபிஎஸ் வரவில்லை" என்று சொல்வது அதைத்தான். ஒவ்வொரு செயற்கைக்கோளும் தான் எங்கே இருக்கிறது என்ற விவரத்தை 30 விநாடிக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப ஒலிபரப்புகிறது. ஊரில் இருக்கும்போது போன் அதை இணையத்திலிருந்து நொடியில் எடுத்துக்கொள்ளும். காட்டில் செயற்கைக்கோளிடமிருந்தே முழுதாகக் கேட்டு வாங்க வேண்டும். நடுவில் இலையோ பாறையோ மறைத்து ஒரு துண்டு விட்டுப்போனால் அடுத்த சுற்றுக்குக் காத்திருக்க வேண்டும். அந்த விவரமும் சில மணி நேரத்துக்குத்தான் செல்லும்.

ஆகவே செய்ய வேண்டியது: காட்டுக்குள் நுழையும் முன், சோதனைச்சாவடி போன்ற வானம் திறந்த இடத்தில் போனை அசையாமல் ஐந்து நிமிடம் வைத்து இருப்பிடத்தைப் பிடிக்கவிடுங்கள். பிறகு தடப்பதிவை ஓடவிட்டால் அது தொடர்ந்து கேட்டுக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு முறையும் அணைத்து, பிறகு சோலைக்குள் நின்று திறந்தால்தான் பிடிக்காமல் அலைக்கழிக்கும்.

துல்லியம்: திறந்த வானத்தில் நல்ல போன் 5 மீட்டருக்குள் காட்டும். நனைந்த இலைக்கூரைக்கு அடியிலும் செங்குத்துப் பாறைக்குப் பக்கத்திலும் 20, 30 மீட்டர் தள்ளிப்போவது சாதாரணம். பாறையில் பட்டு எதிரொலித்து வரும் சிக்னல் நீண்ட வழி வந்திருக்கும், போன் அதையும் நேர்வழி என்று கணக்கிட்டுவிடும். எல்1, எல்5 என்று இரண்டு அலைவரிசையையும் வாங்கும் போன்களில் இந்தப் பிழை குறைவு. புதுப் போன் வாங்குபவர்கள் இதைப் பார்த்து வாங்கலாம். நம் நாட்டுச் செயற்கைக்கோள் வழிகாட்டி முறையான நாவிக் வசதியும் இருந்தால் நல்லது, ஆனால் அது இல்லை என்பதற்காகப் போனை மாற்ற வேண்டியதில்லை.

நீலப் புள்ளியைச் சுற்றி ஒரு வெளிர் வட்டம் வருமே, அதைப் பாருங்கள். நீங்கள் பெரும்பாலும் அந்த வட்டத்துக்குள் எங்கேயோ ஓரிடத்தில் இருக்கிறீர்கள் என்றுதான் பொருள். பாதை வட்டத்துக்குள் இருந்தால் நீங்கள் பாதையில் இருக்கிறீர்கள் என்றே கொள்ளலாம். புள்ளியைக் கோட்டின் மேல் உட்காரவைக்க வேண்டும் என்று புதருக்குள் இறங்காதீர்கள்.

#7 — சோலைமந்தி

உயரத்தில் ஒரு குழப்பம். ஒரு ஆப் கடற்கரையில் கழித்தல் 90 மீட்டர் காட்டுகிறது, மற்றொன்று சரியாகக் காட்டுகிறது. போனில் பழுதா?

#8 — அலைவரிசை

பழுது இல்லை. பொதிகைநடை சொன்ன உயரத் திருத்தக் கோப்பு இதற்குத்தான்.

ஜிபிஎஸ் உயரத்தை அளப்பது பூமிக்கு நாம் கணக்கில் வைத்திருக்கும் ஒரு சீரான நீள்கோளத்திலிருந்து. உண்மையான கடல்மட்டம் அந்தக் கோளத்தோடு ஒட்டி நிற்பதில்லை. ஈர்ப்பு விசை இடத்துக்கு இடம் மாறுவதால் கடல்மட்டம் சில இடங்களில் மேலேயும் சில இடங்களில் கீழேயும் இருக்கும். உலகிலேயே மிக ஆழமான தாழ்வு இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில், 100 மீட்டருக்கும் மேல். அதன் விளிம்பில்தான் நாம் இருக்கிறோம். தமிழ்நாட்டில் கடல்மட்டம் அந்தக் கோளத்துக்கு ஏறத்தாழ 80 முதல் 100 மீட்டர் கீழே. திருத்தாமல் காட்டும் ஆப் அந்த அளவு குறைத்தே காட்டும். ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ எழுதிய வழிகாட்டிக் கட்டுரைகள் வேறு அளவு சொல்லும், நம் பக்கத்துக்கு அவை பொருந்தாது.

ஆஸ்மாண்டில் அந்தக் கோப்பை இறக்கியதும் தானே திருத்திக்கொள்ளும். லோகஸில் உயர அமைப்பில் இயக்க வேண்டும். ஐபோன் திருத்தியே தருகிறது.

போனில் காற்றழுத்தமானி இருந்தால் அது வேறு கதை. ஏற்ற இறக்கத்தை ஜிபிஎஸ்ஸை விட நன்றாகப் பிடிக்கும், ஆனால் வானிலை மாறினாலும் உயரம் மாறியதாக நினைத்துக்கொள்ளும். கடல்மட்டத்தருகே காற்றழுத்தத்தில் ஒரு ஹெக்டோபாஸ்கல் மாற்றம் உயரத்தில் ஏறத்தாழ 8 மீட்டர். உயரம் தெரிந்த இடத்தில் காலையிலும் மதியமும் சரிசெய்துகொள்ளுங்கள். முகாமில் அசையாமல் இருக்கும்போது "உயரம்" கூடிக்கொண்டே போனால் அழுத்தம் இறங்குகிறது என்று பொருள். தினமும் ஏறி இறங்கும் சிறு அலையைத் தாண்டி மாற்றம் தெரிந்தால் மழைக்குத் தயாராகுங்கள்.

#9 — குவடு

ஜிபிஎக்ஸ் கோப்பு. இதில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள், கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கோப்பைச் சாதாரண எழுத்துத் திருத்தியில் திறக்கலாம். உள்ளே மூன்று வகைத் தரவு இருக்கக்கூடும்: தனிப் புள்ளிகள், திட்டமிட்ட வழி, நடந்து பதிந்த தடம். திட்டமிட்ட வழி என்றால் யாரோ மேசையில் உட்கார்ந்து புள்ளிவைத்து இணைத்தது. நடந்த தடத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் நேரமும் உயரமும் இருக்கும். நேரமே இல்லாத தடம் என்றால் கையால் வரைந்திருக்கலாம், அல்லது யாராவது நேரத்தை நீக்கிப் பகிர்ந்திருக்கலாம். இரண்டில் எது என்று தெரியாதவரை வரைந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நேரம் இருந்தால் மாதத்தைப் பாருங்கள். பிப்ரவரியில் ஓடையைக் குறுக்கே கடந்த தடம் அக்டோபரில் உதவாது. ஆண்டையும் பாருங்கள், பெருமழையில் சரிந்த சரிவு தடத்தில் தெரியாது.

அடுத்து அதை வரைபடத்தில் விரித்து உருவத்தைப் பாருங்கள். நூல்கண்டு போலச் சிக்கிக் கிடக்கும் புள்ளிக்கூட்டம் ஓய்வெடுத்த இடம். 500 மீட்டருக்கு அளவுகோல் வைத்தது போல நேர்கோடு வந்தால் அங்கே பதிவு நின்றுபோய் மறுபடி தொடங்கியிருக்கிறது. அந்தக் கோட்டில் யாரும் நடக்கவில்லை. போய்விட்டு அதே வழி திரும்பிய கிளை இருந்தால் அங்கே பதிந்தவர் வழி தவறியிருக்கிறார். அந்த இடத்தை எச்சரிக்கைப் புள்ளியாகக் குறித்துக்கொள்ளுங்கள், உங்களுக்கும் அதே கிளை அதே ஆசையைக் காட்டும்.

முதன்மையாக ஒன்று: கோப்பு கிடைத்தது அனுமதி கிடைத்ததாக ஆகாது. காப்புக்காட்டிலும் புலிகள் காப்பகத்திலும் அனுமதியின்றி நுழைவது குற்றம். 2018 மார்ச் 11 குரங்கணித் தீக்குப் பிறகு மலையேற்றத்துக்குத் தனி விதிகளே வந்தன. 2024 அக்டோபரில் அரசின் தமிழ்நாடு மலையேற்றத் திட்டம் 40 வழித்தடங்களோடு தொடங்கியது. குரங்கணி – சாம்பலாறு அதில் ஒன்று. அந்தத் தடத்தை விட்டு விலகும் ஜிபிஎக்ஸைப் போனில் ஏற்றவே வேண்டாம், திரையில் கோடு இருந்தால் கால் அந்தப் பக்கம் இழுக்கும்.

#10 — மலைமுகில்

வாட்ஸ்அப்பில் வந்த ஜிபிஎக்ஸைத் தொட்டால் "திறக்க ஆப் இல்லை" என்கிறது.

#11 — ஆனைமலை சாலை

போனின் கோப்பு மேலாளரில் சேமித்துவிட்டு, ஆஸ்மாண்டில் என் இடங்கள் – தடங்கள் – இறக்குமதி. ஆர்கானிக் மேப்ஸில் புக்மார்க் பக்கத்தில் இறக்குமதி. அனுப்புபவர் ஆவணமாக அனுப்ப வேண்டும். இரண்டு ஆப்பிலும் ஏற்றிப் பார்த்து, தொடக்கப் புள்ளி சரியான ஊரில் விழுகிறதா என்று உறுதிசெய்யுங்கள்.

ஆள்கூறு எண்களாக வந்தால் இன்னொரு பொறி. 10 பாகை 10 நிமிடம் 12 விநாடி என்பதைச் சிலர் 10.1012 என்று தட்டிவிடுவார்கள். சரியான தசம வடிவம் 10.17. இரண்டுக்கும் வித்தியாசம் ஏழரை கிலோமீட்டருக்கு மேல். குழுவில் எல்லோரும் தசமப் பாகை, ஐந்து தசம இடம் என்று முடிவுசெய்துவிடுங்கள். ஐந்தாவது இடம் ஏறத்தாழ ஒரு மீட்டர், அதற்கு மேல் எழுதினால் வீண்.

#12 — மின்கலம்

பேட்டரி. ஜிபிஎஸ்ஸை விடத் திரைதான் அதிகம் தின்னும், அதைவிட மோசம் டவர் தேடுவது. சிக்னல் வந்து வந்து போகும் முகட்டில் போன் முழு வலிமையோடு தேடிக்கொண்டே இருக்கும். எனவே ஏர்பிளேன் மோடு, திரை அணைப்பு, தடப்பதிவு மட்டும் பின்னணியில். இப்படி ஓடவிட்டால் 5,000 எம்ஏஎச் போன் ஒரு நாள் நடைக்குத் தாராளமாகத் தாங்கும்.

பதிவு இடைவெளி 5 விநாடி போதும், ஏறும் வேகத்தில் சில மீட்டருக்கு ஒரு புள்ளி. ஆஸ்மாண்டில் குறைந்தபட்ச நகர்வு 5 மீட்டர் என்று வடிகட்டி வைத்தால் உட்கார்ந்திருக்கும்போது சேரும் பொய்த் தூரம் குறையும்.

ஆண்ட்ராய்டில் பதிவு பாதியில் நிற்பதற்கு முக்கியக் காரணம் போனின் பேட்டரி சேமிப்பு. ஆப்பின் அமைப்புக்குள் போய் பேட்டரியில் "கட்டுப்பாடு இல்லை", இருப்பிட அனுமதியில் "எப்போதும்", சில போன்களில் தானாகத் தொடங்கும் அனுமதியும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அண்மைய ஆப்கள் பட்டியலில் ஆப்பைப் பூட்டும் வசதி இருந்தால் பூட்டுங்கள். இதையெல்லாம் செய்தபின் ஊரில் இரண்டு மணி நேரம் திரையை அணைத்து நடந்து பாருங்கள். தடத்தில் நேர்கோடு விழுந்தால் இன்னும் ஏதோ தடுக்கிறது.

பவர் பேங்க் 10,000 எம்ஏஎச் என்பது உள்ளிருக்கும் 3.7 வோல்ட் கணக்கில், அதாவது 37 வாட்-மணி. 5 வோல்ட்டுக்கு மாற்றும் இழப்பு போக 30 கிடைக்கும். உங்கள் போனுக்கு ஒரு முழுச் சார்ஜுக்கு 19 வாட்-மணி. ஆக ஒன்றரை முறை. இரண்டு நாளுக்கு அது போதும், ஆனால் கேபிள் இரண்டு கொண்டுபோங்கள். பவர் பேங்க் பழுதாவதைவிடக் கேபிள் பழுதாவது அதிகம்.

மழையில் சார்ஜ் துளைக்குள் ஈரம் போனால் போன் சார்ஜ் ஏற மறுக்கும். வாயை மூடும் பிளாஸ்டிக் பையில் வைத்து, துளை கீழ்நோக்கி இருக்கும்படி மார்புப் பையில் வையுங்கள். நனைந்த திரையில் விரல் வேலை செய்யாது, நீர்த்துளியே விரல்போலத் தொட்டு வரைபடத்தை எங்கோ இழுத்துவிடும். ஆஸ்மாண்டில் ஒலிப் பொத்தான்களால் பெரிதாக்கிச் சிறிதாக்கும் அமைப்பு உண்டு, வீட்டிலேயே இயக்கிவிடுங்கள்.

#13 — திசைக்கல்

தனிக் கருவி: கர்மின் ஈட்ரெக்ஸ் வரிசை போன்றவை இரண்டு ஏஏ பேட்டரியில் ஓடும். 22எக்ஸ் 25 மணி நேரம் வரை என்கிறது நிறுவனம். பொத்தான்கள் மழையிலும் கையுறையிலும் வேலை செய்யும், கீழே விழுந்தாலும் தாங்கும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து செய்த வரைபடத்தை அதிலும் போடலாம். ஆனால் திரை 2.2 அங்குலம், முழு மலையையும் ஒரே பார்வையில் பார்க்க முடியாது. அனுமதிபெற்ற இரண்டு நாள் நடைக்கு அவசியமில்லை. ஆண்டுக்குப் பத்து முறை மழைக்காலத்தில் போகிறவர் வாங்கலாம்.

இதோடு ஒரு கடும் எச்சரிக்கை. செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவிகள், இன்ரீச் போன்றவை, வேறு இனம். இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதியில்லாமல் அவற்றை வைத்திருப்பதே சட்டவிரோதம். விமான நிலையங்களில் பிடித்து வழக்குப் போட்டிருக்கிறார்கள், வெளிநாட்டு மலையேறிகளும் சிக்கியிருக்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் உறவினர் "பாதுகாப்புக்கு" என்று வாங்கி அனுப்பினால் ஏற்காதீர்கள். இருப்பிடத்தை வாங்க மட்டும் செய்யும் சாதாரண ஜிபிஎஸ் கருவிக்கு இந்தச் சிக்கல் இல்லை. வாங்கும்போது பெட்டியில் இரிடியம் (செயற்கைக்கோள் தொடர்பு வலையின் பெயர்), எஸ்ஓஎஸ் என்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

#14 — ஹட்டன் றோட்

இலங்கையில் நடக்க வருபவர்களுக்கும் ஒரு குறிப்பு. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களூடே போகும் நடைவழியான பீக்கோ ட்ரெயில் 22 கட்டங்கள், 300 கிலோமீற்றருக்கு மேல், கண்டியில் ஹந்தானைப் பக்கம் தொடங்கி நுவரெலியாவில் முடியும். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஜிபிஎக்ஸ் அவர்களுடைய தளத்திலேயே இருக்கிறது, வேறு இடத்தில் தேட வேண்டாம். தேயிலைத் தோட்டத்துக்குள் வானம் திறந்தே கிடக்கும், சிக்னல் பிரச்சினை குறைவு. ஆனால் தோட்டப் பாதைகள் ஒரு மலைக்கு இருபது முப்பது என்று பின்னிக் கிடக்கும். கோடு எந்த வரிசைக்குள் போகிறது என்று ஒவ்வொரு சந்தியிலும் பெரிதாக்கிப் பார்க்க வேணும்.

நில அளவைத் திணைக்களத்தின் காகித வரைபடங்களில் மீற்றர் கட்டம் இருக்கும். பழைய தாளில் அந்தக் கட்டத்தின் தொடக்கம் 200,000, புதிய முறையில் 500,000. நடுநாட்டில் ஓர் இடத்தின் எண் இரண்டு லட்சத்தை ஒட்டி வந்தால் பழைய முறை, ஐந்து லட்சத்தை ஒட்டி வந்தால் புதியது. ஆப்பில் மாற்றும்போது இதைக் கவனிக்காவிட்டால் புள்ளி வேறெங்கோ போய் விழும்.

#15 — திசைக்கல்

இந்தியாவிலும் அதே கதை. நில அளவைத் துறையின் 1:50,000 ஓப்பன் சீரிஸ் தாளைத் தளத்தில் பதிவுசெய்து பிடிஎஃப் ஆக எடுக்கலாம். ஒரு தாள் 15 நிமிடம் × 15 நிமிடம், ஏறத்தாழ 27 கிலோமீட்டர் சதுரம். ஒரு சென்டிமீட்டர் 500 மீட்டர். இவை ஜிபிஎஸ் பயன்படுத்தும் அதே டபிள்யூஜிஎஸ் 84 முறையில் இருக்கின்றன. எங்காவது கிடைக்கும் பழைய டோப்போ தாள் (நிலத்தோற்ற வரைபடம்) எவரெஸ்ட் என்ற வேறொரு நீள்கோளக் கணக்கில் இருக்கும். அதை அப்படியே போனில் போட்டால் நம் பக்கம் நூறு மீட்டருக்கு மேல் தள்ளி நிற்கும். முகட்டின் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதே மாறிவிடும்.

தாளை லோகஸில் போட விரும்புபவர்கள்: கணினியில் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் திறந்து, நான்கு மூலையிலும் நடுவிலும் கட்டக் கோடுகள் வெட்டும் புள்ளிகளுக்கு ஆள்கூறு கொடுத்து, பிழை 20 மீட்டருக்குள் வரும்வரை சரிசெய்து, வரைபடத்தைத் துண்டு துண்டாகச் சேமிக்கும் எம்பிடைல்ஸ் கோப்பாக ஏற்றுமதி செய்யுங்கள். பெருக்கம் 15 வரை போதும், ஒவ்வொரு நிலை கூடும்போதும் துண்டுகளின் எண்ணிக்கை நான்கு மடங்காகும். தாளின் ஓரத்தில் அளவை எடுத்த ஆண்டு அச்சிட்டிருக்கும், பாதைகளை நம்பும் முன் அதைப் படியுங்கள். முகடும் ஓடையும் மாறியிருக்காது, பாதை மாறியிருக்கும்.

போகும் பகுதியை மட்டும் ஏ4-இல் அச்செடுத்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, இரண்டு காந்தத் திசைகாட்டியோடு இரண்டு பேரிடம் கொடுங்கள். தமிழ்நாட்டில் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் வித்தியாசம் ஒன்றிரண்டு பாகைதான். கணக்குப் போடாமலே பயன்படுத்தலாம், இது நமக்கு வாய்த்த வசதி. காந்த மூடியுள்ள போன் உறைக்குப் பக்கத்தில் மட்டும் திசைகாட்டியை வைக்காதீர்கள்.

#16 — பொதிகைநடை

களத்தில் எப்படிப் பயன்படுத்துவது என்று யாரும் எழுதவில்லை.

வழிகாட்டி முன்னால் போகும்போது ஆப்பின் வேலை அவரை மேற்பார்வை பார்ப்பது அல்ல. பனி இறங்கி வரிசை பிரிந்தால், அவருக்கு அடிபட்டால், திரும்பும் வழி உங்கள் கையில் இருக்க வேண்டும். அதற்குத்தான் தடப்பதிவு. எனவே புறப்பட்ட இடத்திலிருந்து பதிவு ஓடியே ஆக வேண்டும், குறைந்தது இரண்டு பேர் போனில்.

ஒவ்வொரு பிரிவிலும் நின்று புள்ளி போடுங்கள். பெயரை வழிகாட்டியிடம் கேட்டுத் தமிழிலேயே எழுதுங்கள். அவர்கள் பாறைக்கும் ஓடைக்கும் மரத்துக்கும் வைத்திருக்கும் பெயர் எந்த வரைபடத்திலும் இல்லை. தேடி வருபவர்களும் அதே ஊர்க்காரர்கள்தான், எண்ணைவிட அந்தப் பெயர் அவர்களை வேகமாகக் கொண்டுவந்து சேர்க்கும். நீர் எடுக்கும் இடம், டவர் கிடைக்கும் முகடு, திரும்ப வேண்டிய இடம் என்று இந்த மூன்றுக்கும் புள்ளி கட்டாயம். டவர் கிடைத்தால் அழைப்பைவிடக் குறுஞ்செய்தி முதலில், பலவீனமான சிக்னலிலும் அது போய்ச் சேரும். அவசரத்துக்கு 112, உங்கள் சிம்முக்கு டவர் இல்லாவிட்டாலும் வேறு நிறுவன டவர் இருந்தால் அந்த அழைப்பு போகும்.

"இலக்குக்கு நேர்கோடு" காட்டும் அம்பை அணைத்துவிடுங்கள். முகாம் 400 மீட்டரில் என்று அது சொல்லும், நடுவில் 200 மீட்டர் பள்ளம் இருப்பதைச் சொல்லாது. வழி விலகினால் ஒலிக்கும் எச்சரிக்கையை 50 மீட்டருக்கு வையுங்கள். அதற்குக் குறைத்தால் சோலைக்குள் சிக்னல் ஆடும் ஒவ்வொரு முறையும் கத்தும், பிறகு உண்மையாகவே விலகும்போது யாரும் கவனிக்க மாட்டார்கள். தானாக வழி கணக்கிடச் சொல்லவே வேண்டாம். தீத்தடுப்புக் கோட்டையும் அது பாதை என்றே எடுத்துக்கொள்ளும்.

நின்றுகொண்டிருக்கும்போது காட்டும் அம்பு போனின் திசைகாட்டியிலிருந்து வருவது, நடக்கும்போது காட்டுவது நகர்விலிருந்து. குழப்பமாக இருந்தால் திறந்த, பாதுகாப்பான பக்கம் இருபது காலடி நேராக நடந்துவிட்டுப் பாருங்கள்.

#17 — சோலைமந்தி

இவ்வளவும் செய்தபின் சரியாக இருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

#18 — குவடு

ஊரில், இரண்டு நாள் முன்பு. ஏர்பிளேன் மோடு போடுங்கள், வைஃபையையும் தனியாக அணையுங்கள், போனை அணைத்து மறுபடி இயக்குங்கள். இதைத் தவிர்த்தால் முன்பு பார்த்த படம் நினைவில் ஒட்டிக்கொண்டு எல்லாம் இருப்பது போலக் காட்டும். பிறகு ஆப்பைத் திறந்து மலைப்பகுதிக்கு நகர்த்தி, 16-ம் பெருக்கம் வரை உள்ளே போங்கள். எல்லையின் இருபுறமும் ஓடைகளும் சமஉயரக் கோடுகளும் தெரிகின்றனவா? ஏற்றிய தடம் மேலே நிற்கிறதா? ஒரு ஓடையின் பெயரைத் தேடலில் தட்டினால் வருகிறதா? வெளியே போய் நின்றால் ஐந்து நிமிடத்துக்குள் புள்ளி பிடிக்கிறதா? கூட வருபவரின் போனிலும் இதையே செய்யுங்கள். அடிவாரக் கிராமத்தில் போய்க் கோப்பு இறக்கிக்கொள்ளலாம் என்று விட்டுவைக்காதீர்கள். சமஉயரக் கோட்டுக் கோப்பு பெரியது, அங்கே கிடைக்கும் ஒற்றைக் கோட்டு சிக்னலில் இறங்காது.